மாத்திரை அளவு

எங்கள் ஊரில் பீடி சுற்றாத வீடு இல்லை. தாமிரபரணிக் கரையிலிருந்து சற்றே விலகியிருக்கும் அச்சிற்றூரில், காலை பத்து மணிக்கு மேல் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் திண்ணைகளில் பெண்கள் வரிசையாக அமர்ந்திருப்பார்கள். மடியில் சுளகு, சுளகின் ஒருபுறம் நனைத்து வெட்டிய இலைகள், மறுபுறம் தூள், ஓரத்தில் நூல். பேச்சு ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்க, விரல்கள் தம் பாட்டுக்குச் சுருட்டிக்கொண்டிருக்கும். ஆயிரம் பீடி என்பது ஒரு நாள் கணக்கு. அந்த ஆயிரத்தை எட்டுவதற்குக் குனிந்த கழுத்து நிமிராமல் எட்டு மணி நேரமோ பத்து மணி நேரமோ அமர்ந்திருக்க வேண்டும். எங்கள் அம்மா அவ்வாறு இருபத்திரண்டு ஆண்டுகள் அமர்ந்திருந்தார்.

விளக்கு வைக்கும் நேரத்தில் அவருக்குக் கழுத்தும் தோளும் இடுப்பும் ஒருசேர வலிக்கத் தொடங்கும். சுளகைச் சுவரில் சாய்த்துவிட்டு என்னை அழைப்பார். “ஐயா, கடைக்குப் போயி ஒரு செட்டு வாங்கிட்டு வந்துரு.” முந்தானை முடிச்சிலிருந்து நாணயங்கள் என் உள்ளங்கைக்கு வரும். அப்போது எனக்கு ஒன்பது வயது.

‘செட்டு’ என்னும் சொல்லை உங்களுள் பலரும் கேட்டிருப்பீர்கள். காய்ச்சலுக்கு ஒரு செட்டு, சளிக்கு ஒரு செட்டு, உடம்பு வலிக்கு ஒரு செட்டு. மருந்துக் கடைக்காரர் மூன்று நான்கு அட்டைகளை எடுப்பார். கத்தரிக்கோலால் ஒவ்வோர் அட்டையிலிருந்தும் ஒரு மாத்திரையை நறுக்குவார். சிறு காகித உறையில் இட்டு மடித்துத் தருவார். மருந்துச் சீட்டு இல்லை, கேள்வி இல்லை, இரசீதும் இல்லை. நறுக்கிய துண்டில் மருந்தின் பெயர் பாதி எழுத்தாகவே நிற்கும். சில வேளை அதுவும் நிற்காது. எங்கள் தெருக்கோடியில் கடை வைத்திருந்த அண்ணாச்சி என்னைக் கண்டதுமே கத்தரிக்கோலை எடுத்துவிடுவார். “அம்மாவுக்குத்தானே?” என்று கேட்டபடி நான்கு மாத்திரைகளை உறையிலிடுவார். கூடவே எனக்கு ஒரு புளிப்பு மிட்டாய். அந்த மிட்டாய்க்காகவே, அம்மா அழைப்பதற்கு முன்பே வாசலில் நின்ற மாலைகளும் உண்டு.

அந்த நான்கு மாத்திரைகள் செய்த வேலையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். இரவு உணவுக்குப்பின் விழுங்குவார். ஒரு மணி நேரத்தில் முகம் தெளியும். காலையில் கோழி கூவும் முன் எழுந்து சாணம் தெளிப்பார். செட்டு இல்லாத நாளில் அறுநூறு பீடியோடு கை ஓய்ந்துவிடும். செட்டு உண்ட நாளில் ஆயிரமும் முடியும், அதற்குமேல் நூறும் முடியும். மருத்துவரிடம் போவதென்றால் பேருந்தேறி நகரத்துக்குப் போக வேண்டும். ஒரு நாள் கூலி போகும்; பேருந்துக் கட்டணமும் மருத்துவர் கட்டணமும் அதற்குமேல். இந்தக் கணக்கை அறியாதவர்கள், ‘ஏன் மருத்துவரிடம் செல்லவில்லை?’ என்று எளிதாகக் கேட்டுவிடுகிறார்கள்.

முதலில் வாரத்திற்கு ஒருமுறை என்றிருந்தது. பிறகு இரண்டு நாளுக்கு ஒருமுறை ஆயிற்று. நான் எட்டாம் வகுப்புக்கு வந்தபோது நாள்தோறும் என்றாகிவிட்டது.

இதற்கிடையில் அம்மாவின் தோற்றம் மாறத் தொடங்கியது. ஒட்டியிருந்த கன்னங்கள் உப்பின. முகம் வட்டமாயிற்று. பிடரிக்குக் கீழே சதை திரண்டது. ஊரார் மகிழ்ந்தார்கள். “மதினி இப்பத்தான் பாக்க நல்லா இருக்காக. கஷ்டம் தீந்து உடம்பு தேறிட்டு” என்று பக்கத்து வீட்டு அத்தை என் காதுபடவே சொன்னார். நானும் பெருமைப்பட்டேன். அப்பா இறந்தபிறகு எலும்பும் தோலுமாக இருந்தவர், இப்போது நிறைந்த முகத்தோடு இருக்கிறாரே என்று எண்ணினேன். ஆனால் கைகால்கள் மட்டும் மெலிந்துகொண்டே வந்ததையும், வளையல் பட்ட இடமெல்லாம் கருநீலமாகக் கன்றியதையும் நாங்கள் யாரும் கணக்கில் கொள்ளவில்லை. கண்ணுக்கு எதிரே வளர்ந்த நோய்க்கு நாங்கள் செழிப்பு என்று பெயர் வைத்திருந்தோம்.

1997ஆம் ஆண்டு மே மாதம். நான் பதினோராம் வகுப்பு முடித்து விடுமுறையில் இருந்தேன். கோவில்பட்டிப் பக்கம் வாழ்க்கைப்பட்டிருந்த என் அக்காளுக்கு இரண்டாவது குழந்தை பிறந்திருந்தது. உதவிக்காக அம்மா அங்குச் சென்று தங்கினார். நானும் உடன் சென்றேன். சம்பந்தி வீடு. அங்குப் போய், ‘கடையில் எனக்கு ஒரு செட்டு வாங்கி வாருங்கள்’ என்று கேட்க அம்மாவுக்குக் கூச்சம். ‘வந்த இடத்தில் நோயைக் காட்டிக்கொள்வதா?’ என்று எண்ணியிருக்க வேண்டும். என்னிடமும் சொல்லவில்லை. பீடிச் சுளகும் இல்லையே, வலிக்காது என்று நினைத்தாராம்.

மூன்றாம் நாள் அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. நான்காம் நாள் வாந்தி. ஐந்தாம் நாள் காலையில் பாயிலிருந்து எழ முயன்றவர், சுவரைப் பிடித்தபடியே சரிந்து விழுந்தார். ‘கத்தரி வெயில், வேறொன்றுமில்லை’ என்றார்கள் வீட்டார். இளநீர் கொடுத்தார்கள், சோடா கொடுத்தார்கள், எலுமிச்சைச் சாறு கொடுத்தார்கள். எதுவும் தங்கவில்லை. பிற்பகலில் வாடகைக் காரில் ஏற்றி, பெரிய அரசு மருத்துவமனை ஒன்றில் சேர்த்தோம்.

அவசரப் பிரிவில் இருந்தவர் நடுவயது கடந்த ஒரு பெண் மருத்துவர். இரத்த அழுத்தம் பார்த்தார். மேல் அளவே எழுபதைத் தாண்டவில்லை. உப்பு நீர் ஏற்றச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“தம்பி, அம்மா ஏதாவது மருந்து சாப்பிடுறாங்களா?”

“இல்ல, டாக்டரம்மா. ஒரு நோயும் கெடையாது. மருந்தே சாப்பிட மாட்டாங்க.”

என் வாழ்நாளில் நான் சொன்ன பொய்களுள் இதுவே பெரியது. சொன்னபோது அது பொய் என்று எனக்குத் தெரியாது.

இரண்டு பாட்டில் உப்பு நீர் ஏறிய பின்னும் அழுத்தம் உயரவில்லை. அம்மா என்னை அடையாளம் கண்டும் காணாமலும் பார்த்தார். ஏறத்தாழ இரண்டு மணி நேரம் அவ்வாறே கழிந்தது. மருத்துவர் மீண்டும் வந்தார். இம்முறை கருவியைத் தொடவில்லை. அம்மாவின் முகத்தையே சிறிது நேரம் உற்றுநோக்கினார். கன்னத்தைத் தொட்டார், பிடரியைத் தடவினார், கையில் கன்றியிருந்த இடங்களைப் பார்த்தார். பிறகு மிகப் பொறுமையாக என்னிடம் வேறொரு கேள்வி கேட்டார்.

“தம்பி, மருந்து வேண்டாம். கடையில வாங்குற வலி மாத்திரை ஏதாவது?”

“செட்டு சாப்பிடுவாங்க.”

“எத்தன நாளா?”

நான் கணக்கிட்டேன். எட்டு ஆண்டுகள். அவற்றுள் கடைசி மூன்றாண்டுகள் நாள்தோறும். “கடைசியாக எப்போது?” என்றார். ஊரைவிட்டுப் புறப்பட்ட அன்று என்றேன். அவர் செவிலியரிடம் திரும்பி ஒரு மருந்தின் பெயரைச் சொன்னார். அது ஹைட்ரோகார்ட்டிசோன் என்பதைப் பின்னாளில் அறிந்தேன். ஊசி நரம்பில் ஏறியது. இரவு ஒன்பது மணிக்கு அம்மா கண்விழித்து, “அக்கா பிள்ளைக்கு யாரு பால் காய்ச்சிக் கொடுக்கா?” என்று கேட்டார்.

நடந்தது என்ன என்பதை மறுநாள் அந்த மருத்துவர் ஒரு தாளில் படம் வரைந்து எனக்கு விளக்கினார். பதினோராம் வகுப்பு மாணவனுக்கு அவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. இரு சிறுநீரகங்களின் மேலும் தொப்பி கவிழ்த்தாற்போல் இரண்டு சிறிய சுரப்பிகள் உள்ளன. அவை அட்ரீனல் சுரப்பிகள். கார்ட்டிசால் என்னும் இயக்குநீரை அவை சுரக்கின்றன. இரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிப்பதும், பசித்த நேரத்தில் இரத்தத்தில் சர்க்கரை வற்றிவிடாமல் காப்பதும், காய்ச்சலோ காயமோ வந்தால் உடலை நிலைகுலையாமல் நிறுத்துவதும் அதன் பணிகளுள் சில. எவ்வளவு சுரக்க வேண்டும் என்னும் ஆணை மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வருகிறது. செட்டில் இருந்த நான்கனுள் வெண்ணிறச் சிறு மாத்திரை டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு. அது கார்ட்டிசாலைப் போன்றது. ஆனால் அதனினும் பன்மடங்கு வலியது. வெளியிலிருந்து நாள்தோறும் அது வந்துகொண்டிருந்தால், ‘வேண்டிய அளவு இருக்கிறதே’ என்று மூளை ஆணையிடுவதை நிறுத்திவிடுகிறது. ஆணை வராத சுரப்பி வேலையற்றுச் சுருங்கிப்போகிறது. அந்த நிலையில் வெளியிலிருந்து வருவதும் திடீரென நின்றால் உடலுக்கு இரண்டு வழியும் அடைபடுகிறது. சம்பந்தி வீட்டுப் பாயில் அம்மா சரிந்தது அதனால்தான். அவரை வீழ்த்தியது மாத்திரையை உண்டது மட்டுமன்று. உண்டுவந்ததைச் சட்டென நிறுத்தியதும்தான்.

வட்ட முகமும் திரண்ட பிடரியும் மெலிந்த கைகால்களும் கன்றும் தோலும் அம்மருந்து நெடுநாள் உடலில் தங்கியதன் அடையாளங்கள். ஊரே கண்டு மகிழ்ந்த நிறைந்த முகத்திற்கு மருத்துவ நூல்களில் ‘நிலவு முகம்’ என்று பெயர். அழகான பெயர்தான்.

ஸ்டீராய்டு பொல்லாத மருந்து என்று நீங்கள் எண்ணிவிடக் கூடாது. 1948 செப்டம்பரில், அமெரிக்காவிலுள்ள மேயோ மருத்துவ நிலையத்தில், முடக்குவாதத்தால் நடக்க முடியாதிருந்த ஓர் இளம்பெண்ணுக்கு பிலிப் ஹென்ச் என்னும் மருத்துவரும் அவருடைய குழுவினரும் கார்ட்டிசோனை ஊசிவழிச் செலுத்தினர். சில நாள்களிலேயே அப்பெண் எழுந்து நடந்தார். ஹென்ச், கெண்டால், ரைக்ஸ்டைன் ஆகிய மூவருக்கும் 1950இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஆனால் நெடுநாள் கொடுத்தால் முகம் உப்புவதையும் வேறு பல தொல்லைகள் தொடர்வதையும் மருத்துவர்கள் விரைவிலேயே கண்டுகொண்டார்கள். இன்றும் கடுமையான ஆஸ்துமாவில் மூச்சைத் திருப்பித் தருவது இந்த வகை மருந்துதான். என் அம்மாவைச் சாவின் வாயிலிலிருந்து மீட்டதும் இதே குடும்பத்தைச் சேர்ந்த மருந்துதான். யாருக்கு, எதற்கு, எவ்வளவு, எத்தனை நாள், எப்படி நிறுத்துவது என்னும் ஐந்து கேள்விகளுக்கும் விடை தெரிந்தவர் கையில் இருக்கும்போதுதான் அது மருந்து. எங்கள் அண்ணாச்சியின் கத்தரிக்கோலுக்கு இந்த ஐந்தும் தெரியாது.

செட்டில் இருந்த மற்ற மூன்றில் ஒன்று தூக்கம் தரும் ஒவ்வாமை மாத்திரை, ஒன்று வைட்டமின். நான்காவது டைக்ளோஃபெனாக். ஊரெங்கும் விற்கும் வலிநிவாரணி அது. வலியையும் வீக்கத்தையும் உண்டாக்கும் புராஸ்டாகிளாண்டின் என்னும் பொருள் உருவாவதை அது தடுக்கிறது. அந்தப் பொருளுக்கோ வேறு வேலைகளும் உண்டு. இரைப்பையின் உட்சுவரை அமிலத்திலிருந்து காப்பதும், சிறுநீரகத்திற்குச் செல்லும் இரத்த ஓட்டம் குறையாமல் பார்த்துக்கொள்வதும் அதுவே. வலியை நிறுத்தப் போன மருந்து அந்தக் காவலையும் நிறுத்திவிடுகிறது. உடலில் நீர் குறைந்திருக்கும் கோடையில் சிறுநீரகம் இன்னும் எளிதில் அடிபடும். அம்மாவின் இரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் உயர்ந்திருந்தது. சிறுநீரகம் தளர்ந்திருப்பதன் அறிகுறி அது. நல்வேளையாக, முழுவதும் அழிந்துவிடவில்லை.

டைக்ளோஃபெனாக் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்குப் பாறுகளின் நினைவு வரும். பிணந்தின்னிக் கழுகுகள் என்று நாம் இகழ்ந்து சொல்லும் பறவைகள்தாம். 1990களில் இந்தியத் துணைக்கண்டமெங்கும் அவை மரத்தில் அமர்ந்தபடியே தலைகவிழ்ந்து மடிந்தன. சில இனங்கள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல் அழிந்தன. தொற்றுநோயோ என்று முதலில் ஐயுற்றார்கள். இறந்த பறவைகளை அறுத்துப் பார்த்தபோது உள்ளுறுப்புகளின்மேல் சுண்ணாம்பு பூசினாற்போல் யூரிக் அமிலம் படிந்திருந்தது. சிறுநீரகம் செயலிழந்ததன் விளைவு அது. நோயுற்ற மாட்டுக்கு வலி தணியப் போட்ட டைக்ளோஃபெனாக், மாடு இறந்தபின் அதன் இறைச்சியோடு பாறுகளின் உடலுக்குள் சென்றது என்பதை 2004இல் ஆய்வாளர்கள் உலகுக்கு அறிவித்தார்கள். 2006இல் இந்திய அரசு கால்நடைகளுக்கு அதனைப் பயன்படுத்தத் தடை விதித்தது. ஆனால் மனிதர்களுக்கென்று விற்கப்பட்ட பெரிய குப்பிகள் மாட்டுக் கொட்டில்களுக்குப் போய்க்கொண்டிருந்தன. அதனால் 2015இல் ஊசிக்குப்பியின் அளவை 3 மில்லி லிட்டருக்கு மிகாமல் வரையறுத்தார்கள். நம் மாநிலத்தில் இன்று பாறுகளைக் காண விரும்புவோர் நீலகிரி அடிவாரத்து மோயாற்றுப் பள்ளத்தாக்குக்குத்தான் செல்ல வேண்டும். மனிதச் சிறுநீரகம் பாறின் சிறுநீரகத்தைப்போல் அவ்வளவு மென்மையானதன்று. இருந்தாலும், அந்த ஆய்வைப் பற்றிப் படித்த அன்று இரவு நான் அம்மாவின் எட்டு ஆண்டுகளைக் கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மருத்துவமனையிலிருந்து திரும்பியதும் நான் செய்த முதல் வேலை அண்ணாச்சியிடம் சண்டைக்குப் போனதுதான். கடைவாசலில் நின்று கத்தினேன். அவர் எதிர்த்துப் பேசவில்லை. கூட்டம் கலையும்வரை காத்திருந்துவிட்டு, “நான் தரலன்னா ரெண்டு தெரு தள்ளிப் போயி வாங்குவாங்க, தம்பி. வலி தாங்காம உங்கம்மா இந்தப் படியில உக்காந்து அழுதத நான் பாத்துருக்கேன்” என்றார். பிறகு கல்லாப்பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே அவருடைய முதுகு வலிக்கென்று நறுக்கி வைத்த அதே நான்கு மாத்திரைகள். அன்று எனக்கு அவர்மேல் இருந்த சினம் பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதி இன்றும் இருக்கிறது.

பன்னிரண்டாம் வகுப்புக்குப்பின் நான் மருந்தாளுநர் பட்டயப் படிப்பில் சேர்ந்ததற்கு இதுவே காரணம். 1940ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுப்பொருள்கள் சட்டத்தையும் அதன் விதிகளையும் அங்குப் படித்தபோது வியப்பும் வெட்கமும் ஒன்றாக வந்தன. அம்மாவுக்கு நான் வாங்கி வந்த டெக்சாமெத்தசோனும் டைக்ளோஃபெனாக்கும் ‘அட்டவணை எச்’ என்னும் பட்டியலைச் சேர்ந்தவை. பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டு இல்லாமல் அவற்றை விற்கக் கூடாது என்று அட்டையிலேயே அச்சிட்டிருக்கும். கத்தரிக்கோல் நறுக்கி எறிந்தது அந்த எச்சரிக்கையைத்தான். 2014 மார்ச் முதல் ‘எச்1’ என்று இன்னொரு பட்டியலும் நடைமுறைக்கு வந்துள்ளது. சில நுண்ணுயிர்க் கொல்லிகள், காசநோய் மருந்துகள், பழக்கத்திற்கு அடிமையாக்கும் மருந்துகள் அதில் அடங்கும். அவற்றை விற்கும்போது நோயாளி, மருத்துவர் ஆகியோரின் பெயர்களையும் விற்ற அளவையும் தனிப் பதிவேட்டில் எழுதி, மூன்றாண்டுகள் பாதுகாக்க வேண்டும். பல மருந்து அட்டைகளில் மேலிருந்து கீழாக ஒரு செங்கோடு ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். மருத்துவர் சொல்லாமல் இதை உண்ணாதே என்பதற்கான அடையாளம் அது.

படித்தவன் தவறு செய்யவில்லை என்று எண்ண வேண்டா. விடுதியில் இருந்தபோது எனக்கு இரண்டு நாள் காய்ச்சல். அறைத்தோழன் தன் பல் வலிக்கு வாங்கி மீதம் வைத்திருந்த நுண்ணுயிர்க் கொல்லி மாத்திரைகள் மூன்றைத் தந்தான், விழுங்கினேன். அது வைரசால் வந்த சாதாரணக் காய்ச்சல். பாக்டீரியாவைக் கொல்லும் மருந்துக்கு வைரசிடம் வேலையே இல்லை. மூன்றாம் நாள் காய்ச்சல் தானாகத் தணிந்தது. மாத்திரைதான் தணித்தது என்று ஒரு வாரம் நம்பிக்கொண்டிருந்தேன். தானே தீரும் நோய்கள்தாம் இந்தப் பழக்கத்திற்கு உரமிடுகின்றன.

1928இல் பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங், 1945இல் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையில் ஒரு கற்பனைக் கதை சொன்னார். தொண்டை வலி கண்ட ஒருவர் கடையில் பெனிசிலின் வாங்கித் தாமே எடுத்துக்கொள்கிறார். கிருமிகளைக் கொல்லப் போதாத, ஆனால் அம்மருந்தை எதிர்த்து நிற்கக் கற்றுக்கொடுக்கப் போதுமான அளவு. அவரிடமிருந்து அக்கிருமிகள் மனைவிக்குத் தொற்றுகின்றன. மனைவிக்கு நிமோனியா, இப்போது பெனிசிலின் பலிக்கவில்லை, அவர் இறந்துபோகிறார். அச்சாவுக்கு யார் பொறுப்பு என்று பிளெமிங் கேட்டார். மருந்து எளிதில் கிடைக்கத் தொடங்கிய காலத்திலேயே, அதைக் கண்டறிந்தவரே கேட்ட கேள்வி அது. ஐந்து நாள் எழுதிக் கொடுத்த மருந்தை இரண்டு நாளில் நிறுத்திவிட்டு, மீதியை அடுத்த காய்ச்சலுக்கென்று அலமாரியில் வைக்கும் ஒவ்வொரு வீட்டையும் நோக்கி அக்கேள்வி இன்றும் நிற்கிறது.

இப்போது நான் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து வழங்கும் சாளரத்தின் உட்புறம் நிற்கிறேன். ஒரு நாளைக்கு எத்தனையோ கைகள் அந்தச் சாளரத்திற்குள் நீள்கின்றன. “காய்ச்சல் மாத்திரை தனியா, தலைவலி மாத்திரை தனியா தாங்க” என்பார் ஒருவர். இரண்டும் பாரசிட்டமால்தான் என்றால் நம்ப மாட்டார். கடையில் வாங்கிய சளி மாத்திரையிலும் அதே பாரசிட்டமால் கலந்திருக்கும். மூன்று பெயர்களில் ஒரே மருந்தை உண்டு, அளவைத் தாண்டிவிட்டதை அவரே அறியமாட்டார். வளர்ந்தவர்க்கு ஒரு நாளில் 4 கிராம் என்பதே அதன் உச்ச வரம்பு. அதற்குமேல் கல்லீரல் தாங்காது. கல்லீரல் கெட்டாலும் முதல் நாளில் பெரிதாக எதுவும் வெளியே தெரியாது. டெங்குக் காலத்தில் உடம்பு வலிக்கென்று ஆஸ்பிரினோ ஐபுபுரூஃபனோ விழுங்கிவிட்டு வருவோரும் உண்டு. இரத்தக் கசிவு நேரக்கூடிய காய்ச்சலில் அவை கசிவை மிகுவிக்கும் என்று சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. இன்னொரு வகையினரும் இருக்கிறார்கள். மருந்தென்றாலே நஞ்சு என்று எங்கோ கேட்டுவிட்டு, இரத்த அழுத்த மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடுவார்கள். அம்மாவின் கதையைக் கேட்டு மருந்தை வெறுப்பவர்களைக் கண்டால் எனக்கு அச்சமாகவே இருக்கும்.

தமிழாசிரியர் எங்களுக்குக் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை என்று கற்பித்தபோது வகுப்பே சிரித்தது. கண் இமைக்கும் நேரம், கை நொடிக்கும் நேரம் என்று அவர் விளக்கினார். மாத்திரை என்றால் அளவு. ஒலிக்குச் சொன்ன அளவுப் பெயரையே மருந்துக்கும் வைத்திருக்கிறோம் என்பதை அன்று நான் எண்ணிப் பார்க்கவில்லை. திருவள்ளுவரும் ‘மருந்து’ அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நால்வகையாகப் பகுக்கிறார்: நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து மருந்து தருபவர். எங்கள் வீட்டில் இரண்டாமவர் இல்லை. நான்காமவனாக நான் இருந்தேன். ஒன்பது வயதில், வாயில் புளிப்பு மிட்டாயோடு.

அம்மாவின் ஸ்டீராய்டை முழுவதும் நிறுத்த எட்டு மாதங்கள் ஆயின. மருத்துவர் எழுதிக் கொடுத்தபடி, சிறிது சிறிதாக, கால் மாத்திரை கால் மாத்திரையாகக் குறைத்துக்கொண்டே வந்தோம். உறங்கிக் கிடந்த சுரப்பி விழித்தெழ அவ்வளவு காலம் தேவைப்பட்டது. அந்த எட்டு மாதமும் பழைய வலி முழுவதாகத் திரும்பி வந்தது. சில இரவுகளில், “ஒரே ஒரு செட்டு வாங்கிக் கொடுத்துருய்யா” என்று என்னிடம் கெஞ்சினார். நான் எழுந்து வெளியே போய்த் தெருவில் நின்றுகொள்வேன். வட்ட முகம் வற்றிப் பழைய ஒட்டிய கன்னங்கள் திரும்பின. ஊரார், “பாவம், உடம்பு வத்திப் போச்சே” என்று வருந்தினார்கள். முதுகெலும்பில் இரண்டு கண்ணிகள் நொறுங்கியிருந்ததால் கூன் மட்டும் நிமிரவில்லை. என் தோளுக்கு மேல் இருந்தவர் இப்போது தோளுக்குக் கீழே நிற்கிறார்.

இன்று அவருக்கு எழுபத்து மூன்று வயது. பீடிச் சுளகை விட்டு ஆண்டுகள் பல ஆயின. இரத்த அழுத்தத்திற்கும் எலும்புக்கும் மாத்திரைகள் உண்கிறார். அவற்றை ஒரு மஞ்சள் பையில் போட்டு வைத்திருக்கிறார். அட்டையிலிருந்து மாத்திரையைப் பிதுக்கும்போது பெயர் இருக்கும் பக்கம் கிழியாமல் பார்த்துக்கொள்வார். எழுத்துக் கூட்டிப் படிக்க மட்டுமே தெரிந்தவர். அதுவும் தமிழ் மட்டுந்தான். ஊருக்குப் போகும்போதெல்லாம் அந்தப் பையை என் மடியில் கவிழ்த்து, ஓர் அட்டையை எடுத்து நீட்டுவார்.

“ஏல ஐயா, இதுக்குப் பேரு என்ன? மறுபடியும் ஒருக்காச் சொல்லு.”